கட்டார் ரியாலும் இலங்கை ரூபாவும்: பழைய மாற்று வீதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் கிழக்கில் ஏறாவூர், காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று எந்தப் பக்கம் போனாலும், கட்டாரில் உழைத்த காசில் எழும்பிய வீடு ஒன்றாவது கண்ணில் படும். காணி பங்கிடும்போதும், பழைய கடனைத் தீர்க்கும்போதும், "நான் அனுப்பின காசுக்கு என்ன கணக்கு?" என்று வாய்த்தர்க்கம் வரும்போதும் எல்லாரும் தேடுவது ஒன்றைத்தான்: அந்த வருஷம் ரியால் எவ்வளவு போனது? அதைச் சுற்றி ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

இன்றைய ரேட் கைப்பேசியில் இருக்கிறது. 1990இல் ரியால் எவ்வளவு போனது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ரியாலுக்கென்று தனியாகப் பழைய பட்டியல் தேடி அலைய வேண்டாம். அந்த நாளின் அமெரிக்க டொலர் வீதத்தை எடுத்து 3.64ஆல் வகுத்தால் போதும். 1980இலிருந்து கட்டார் தன் ரியாலை ஒரு டொலருக்கு 3.64 என்ற அளவிலேயே வைத்திருக்கிறது. 2001இல் அதைச் சட்டபூர்வமாகவும் உறுதி செய்தது. அதனால் டொலருக்கு ரூபா எவ்வளவு என்று தெரிந்தால் ரியாலுக்கும் தெரிந்த மாதிரித்தான்.

1990 முடிவில் டொலர் 40 ரூபா 24 சதம். 3.64ஆல் வகுத்தால் 11 ரூபா 5 சதம். அவ்வளவுதான் வேலை.

சவூதி ரியாலுக்கு 1986இலிருந்து 3.75ஆலும், அமீரகத் திர்ஹத்துக்கு 1997இலிருந்து 3.6725ஆலும் வகுக்க வேண்டும். குவைத் தினாருக்கு மட்டும் இந்த வழி சரிவராது. சில வருஷங்கள் தவிர, அது பல நாணயங்கள் சேர்ந்த கூடை ஒன்றை வைத்து மதிப்பிடப்படுகிறது. தினாருக்கான பழைய வீதத்தைத் தனியாகத்தான் தேட வேண்டும்.

கணக்குப் போட நேரமில்லை. வருஷ வாரியாகச் சொல்ல முடியுமா?

சரி. கீழே உள்ளவை ஒவ்வொரு வருஷமும் முடியும்போது இருந்த டொலர் வீதத்தை 3.64ஆல் வகுத்து நான் எடுத்தவை. ஒரு கட்டார் ரியாலுக்கு:

1980 – 4 ரூபா 95 சதம்
1985 – 7 ரூபா 53 சதம்
1990 – 11 ரூபா 5 சதம்
1995 – 14 ரூபா 85 சதம்
2000 – ஏறத்தாழ 22 ரூபா
2005 – 28 ரூபா 5 சதம்
2010 – 30 ரூபா 48 சதம்
2015 – 39 ரூபா 58 சதம்
2020 – 51 ரூபா 21 சதம்
2021 – 55 ரூபா 6 சதம்
2022 – 99 ரூபா 76 சதம்
2023 – 88 ரூபா 99 சதம்
2024 – 80 ரூபா 38 சதம்

இது உங்கள் வாப்பா அல்லது அப்பா கையில் வாங்கிய தொகை அல்ல. வங்கியின் கழிவும் கட்டணமும் அதற்குள் வராது. ஆனாலும் கணக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க இது போதும்.

அப்படியென்றால் ரியால் இவ்வளவு ஏறிவிட்டதா?

இல்லை, ரியால் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. 1980இல் 3.64 ரியாலுக்கு ஒரு டொலர், இன்றைக்கும் 3.64 ரியாலுக்கு ஒரு டொலர். இறங்கியது நம்முடைய ரூபா. "ரியால் ஏறிட்டு" என்று சந்தையில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் நடந்தது ரூபாவின் சரிவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல கேள்விகளுக்குப் பதில் தானாக விளங்கும்.

ஒரே ஒரு தடவை ரியால் பக்கமும் கொஞ்சம் ஆட்டம் கண்டது. 2017 ஜூனில் சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கட்டாருடன் உறவைத் துண்டித்தபோது, நாட்டுக்கு வெளியேயுள்ள சந்தைகளில் ரியால் 3.64ஐ விட மலிவாகப் போனது. கட்டாருக்குள் உத்தியோகபூர்வ வீதம் அசையவில்லை. அந்த மாதங்களில் வேறு நாட்டில் வைத்து ரியாலை மாற்றியவர்களுக்கு மட்டும் கணக்கு வித்தியாசப்படும்.

1980க்கு முன்னால்? ஒரு காலத்தில் ரியாலும் ரூபாவும் சரிக்குச் சரி என்று என் மூத்தப்பா சொல்லுவார். உண்மையா?

உண்மைதான். கேட்பவர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

1966 வரைக்கும் கட்டாரில் புழங்கியதும் ரூபாதான். வளைகுடா நாடுகளில் முதலில் இந்திய ரூபாவே ஓடியது. தங்கக் கடத்தலால் இந்தியாவின் அந்நியச் செலாவணி கரைகிறது என்று 1959இல் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாத் தாள்களை அச்சிட்டது. மதிப்பு இந்திய ரூபாவின் மதிப்பேதான். அந்த நேரம் இந்திய ரூபாவும் இலங்கை ரூபாவும் ஒரே மதிப்பு, டொலருக்கு 4 ரூபா 76 சதம். ஆகவே டோஹாவில் ஒருவர் கையில் இருந்த ஒரு ரூபாவும் மட்டக்களப்பில் ஒருவர் மடியில் இருந்த ஒரு ரூபாவும் சமம்.

1966 ஜூன் 6ஆம் திகதி இந்தியா தன் ரூபாவை டொலருக்கு 4.76இலிருந்து 7.50க்கு மதிப்பிறக்கியது. கட்டார் அதோடு கீழே இறங்க விரும்பவில்லை. அதே வருஷம் துபாயோடு சேர்ந்து புதிய ரியாலை வெளியிட்டது. அந்த ரியாலுக்கு மதிப்பிறக்கத்துக்கு முந்திய ரூபாவின் மதிப்பையே கொடுத்தார்கள். இலங்கையும் அப்போது 4.76இல் நின்றதால், 1966 கடைசியிலும் 1967இன் பெரும்பகுதியிலும் ஒரு ரியாலும் ஒரு இலங்கை ரூபாவும் ஏறத்தாழ ஒன்றுக்கொன்று. உங்கள் மூத்தப்பா சொன்னது அந்தக் காலத்தைத்தான்.

1967 நவம்பரில் இலங்கை தன் ரூபாவை 20 சதவீதம் மதிப்பிறக்கி டொலருக்கு 5 ரூபா 95 சதமாக்கியது. அன்றைக்கு ரியால் ஒன்றேகால் ரூபாவானது. ஒன்றுக்கு ஒன்று என்ற காலம் அதோடு முடிந்தது. கட்டாருக்குத் தனியான ரியால் வந்தது 1973இல்.

1968 முதல் 1977 வரைக்கும் இரண்டு வீதங்கள் தெரிகின்றனவே. எதை எடுப்பது?

இரண்டும் சரியான வீதங்களே. 1968 மே மாதம் அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் என்ற முறை வந்தது. அரிசி, மா, சீனி, மருந்து போன்ற அத்தியாவசியப் பொருட்களுக்குக் குறைந்த வீதம், மற்றவற்றுக்கு மேலதிகம் சேர்த்த கூடிய வீதம். அந்த மேலதிகம் முதலில் 44 சதவீதம், பிறகு 55, 1972இலிருந்து 65. ஆகவே அந்தக் காலத்துக் கொடுக்கல் வாங்கல் எதையும் கணக்குப் பார்க்கும்போது, அது எந்த வகையைச் சேர்ந்தது என்று தெரியாமல் வீதத்தை எடுக்காதீர்கள். நமது பக்கத்தில் கட்டார்ப் பயணம் பெருகியது இதற்குப் பிறகுதான் என்பதால் பெரும்பாலான வீட்டுக் கணக்குகளுக்கு இந்தச் சிக்கல் வராது.

1977இல் என்ன நடந்தது?

அந்த வருஷம் நவம்பரில் புதிய அரசாங்கம் இரட்டை வீதத்தை ஒழித்து, ரூபாவை டொலருக்கு 16 என்ற ஒரே வீதத்துக்குக் கொண்டுவந்தது. அந்த நேரம் ரியால் ஏறத்தாழ 4 ரூபா. அதற்குப் பிறகு ரூபா எந்த விலையிலும் நிலையாக நிற்கவில்லை. மத்திய வங்கி கையில் பிடித்துக்கொண்டே மெதுமெதுவாக இறக்கியது. 2001 ஜனவரி 23ஆம் திகதி பிடியை விட்டு, சந்தையே வீதத்தைத் தீர்மானிக்கட்டும் என்றது. 2000 முடிவில் 22 ரூபாவாக இருந்த ரியால் 2001 முடிவில் 25 ரூபாவைத் தாண்டியது அதனால்தான்.

சுனாமிக்குப் பிறகு ரியால் குறைந்த ஞாபகம். அப்படி நடந்ததா?

நடந்தது. 2004 முடிவில் 104 ரூபாவுக்கு மேல் நின்ற டொலர், 2005 தொடக்கத்தில் 100க்குக் கீழே இறங்கியது. ரியால் கணக்கில் 28 ரூபா 70 சதத்துக்குக் கிட்ட இருந்தது 27 ரூபாச் சில்லறைக்கு வந்தது. வெளிநாட்டு நிவாரணப் பணம் நாட்டுக்குள் வரத் தொடங்கியதும், கடன் கொடுத்தவர்கள் தவணைகளைத் தள்ளி வைத்ததும்தான் காரணம். கல்லடி, நாவலடி, மருதமுனை, சாய்ந்தமருது எல்லாம் வீடிழந்து நின்ற அந்த மாதங்களில், கட்டாரில் இருந்த பிள்ளைகள் இருப்பதையெல்லாம் திரட்டி அனுப்பினார்கள். அவர்கள் அனுப்பிய ஒவ்வொரு ஆயிரம் ரியாலுக்கும் முந்திய மாதத்தைவிட ஆயிரத்துச் சொச்சம் ரூபா குறைவாகவே வீட்டுக்கு வந்தது. காசு அனுப்பியதற்கு வங்கி கொடுத்த அந்தக் காலத் துண்டுகளைப் பார்த்து "இடையில் யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. யாரும் எடுக்கவில்லை, வீதம்தான் இறங்கியிருந்தது.

2012, 2015, 2018 – இந்த வருஷங்களில் திடீர் திடீரென்று ஏறியிருக்கிறதே?

மூன்று தடவையும் கதை ஒன்றுதான். மத்திய வங்கி கையிருப்பு டொலரை விற்று ரூபாவைப் பிடித்துக்கொண்டிருந்தது, முடியாமல் போனபோது விட்டது. 2012இல் டொலர் 114 அளவிலிருந்து 127க்கும், 2015இல் 131இலிருந்து 144க்கும், 2018இல் 153 அளவிலிருந்து 182க்கும் போனது.

2021 செப்டம்பர் முதல் 2022 மார்ச் வரைக்கும் வங்கி வீதம் ஆடாமல் அசையாமல் 55 ரூபா அளவில் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டுக்கு அதைவிடக் கூட வந்தது. எந்தக் கணக்கு சரி?

உங்கள் வீட்டுக் கணக்கும் சரி, வங்கிக் கணக்கும் சரி. பழைய வீதங்களைப் பார்ப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த ஏழு மாதத்தில்தான்.

2021 செப்டம்பரிலிருந்து மத்திய வங்கி டொலரை 200 முதல் 203 ரூபாவுக்குள் கட்டி வைத்தது. நாட்டில் டொலர் இல்லை. எரிவாயு இல்லை, பால்மா இல்லை, எரிபொருள் வரிசை தொடங்கிவிட்டது. ஆனால் பலகையில் வீதம் மட்டும் மாறவில்லை. அந்த நேரம், வங்கிக்கு வெளியே ஆள் மூலம் காசு கைமாற்றும் உண்டியல்காரர்கள் வங்கியைவிட நல்ல விலை கொடுத்தார்கள். வங்கிக்குக் காசு வரட்டும் என்று 2021 டிசம்பரில் ஒரு டொலருக்கு மேலதிகமாக 10 ரூபா தருவதாக அறிவித்தும் பார்த்தார்கள். வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் ஆட்கள் திரும்பவில்லை. 2020இல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வங்கி வழியாக அனுப்பியது 710 கோடி டொலர். 2021இல் 549 கோடி. 2022இல் 379 கோடி. அவ்வளவு பேரும் காசு அனுப்புவதை நிறுத்தியிருக்க முடியாது. வழியை மாற்றியவர்கள் அதில் நிறையப் பேர்.

உண்டியல் அனுமதியில்லாத வழி, அதில் காசு தொலைந்தால் கேட்க நாதியில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் நடந்ததை நடக்கவில்லை என்று எழுத முடியாது. அந்த மாதங்களுக்கான அச்சிட்ட வீதத்தை மட்டும் வைத்து, "நீ அனுப்பினது இவ்வளவுதான்" என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது அநியாயம். கையில் வந்த ரூபாவை எழுதி வைத்திருந்தால் அதையே எடுங்கள்.

2022 மார்ச் 7ஆம் திகதி 230 வரைக்கும் போகலாம் என்று மத்திய வங்கி இடம் கொடுத்தது. சில நாளில் 260ஐத் தாண்டியது. ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்தியது. மே மாதத்தில் 360. ரியாலில் சொன்னால் 55இலிருந்து 99. மூன்று மாதம்கூட ஆகவில்லை. பிறகு 2023 பெப்ரவரி வரைக்கும் அந்த 360க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு, மார்ச்சில் மத்திய வங்கி கையை எடுத்ததும் ரூபா கொஞ்சம் ஏறியது.

அப்போ 2022இல் அனுப்பியவர்களுக்கு நல்ல இலாபம்தானே?

தாளில் மட்டும். கட்டாரில் 2021 மார்ச்சிலிருந்து அடிப்படைச் சம்பளம் குறைந்தது 1,000 ரியால் என்று சட்டம் வந்தது. அந்த ஆயிரம் அப்போது ஊரில் ஏறத்தாழ 54,000 ரூபா. 2022 முடிவில் 99,760 ரூபா. பார்த்தால் இரட்டிப்புக்குக் கிட்ட. ஆனால் 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்திய வருஷத்தைவிட 69.8 சதவீதம் கூடியிருந்தது. சாப்பாட்டுச் சாமான் அதற்கும் மேலே போனது. அனுப்பிய பிள்ளை கூடுதலாக அனுப்பிவிட்டோம் என்று நினைக்க, அம்மா கடைக்குப் போய் அதே பையை அதே அளவுக்கு நிரப்பிக்கொண்டு வந்தார். கட்டாரிலிருந்து காசு வராத வீட்டின் பாடு இதைவிட எவ்வளவோ மோசம்.

தங்கச்சிக்கு வீடு கட்ட 1995இல் 5,000 ரியால் அனுப்பினேன். இப்போது காணிப் பங்கு வருகிறது. அதை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

நமது பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். அண்ணன் தம்பி வெளிநாட்டில் நின்று அந்த வீட்டை எழுப்புவது வழமை. அதனால் இந்தக் கேள்வி எத்தனையோ குடும்பத்தில் இருக்கிறது.

இரண்டு எண்கள் வரும். 1995 முடிவு வீதத்தில் 5,000 ரியால் 74,250 ரூபா. 2024 முடிவு வீதத்தில் அதே 5,000 ரியால் 4 இலட்சத்து 1,900 ரூபா. அண்ணன் இரண்டாவதைச் சொல்வார், மச்சான் முதலாவதைச் சொல்வார். சண்டை அங்கேதான் தொடங்கும்.

முதலில் கேட்க வேண்டியது, அது கடனா, கொடுப்பனவா என்று. சீதன வீட்டுக்கென்று மனம் விரும்பிக் கொடுத்த காசை முப்பது வருஷம் கழித்து வீதம் பார்த்துத் திருப்பிக் கேட்பது முறையல்ல என்பது என் எண்ணம். கடனென்றால், எந்தக் காசில் பேச்சு நடந்தது என்று பாருங்கள். "ஐயாயிரம் ரியால் தா, திருப்பித் தாறேன்" என்று கேட்டிருந்தால் ரியாலாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும், அன்றைய வீதத்துக்கு அங்கே வேலையில்லை. "எழுபத்தையாயிரம் ரூபா தேவை" என்று கேட்டிருந்தால் பேச்சு ரூபாவில்தான். ஆனால் 1995இன் 75,000 ரூபாவை இன்றைக்கு 75,000 ரூபாவாகவே நீட்டினால் அண்ணனின் உழைப்பில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் காற்றில் போய்விடும். அந்த இடத்தில் நான் ரியால் கணக்கின் பக்கம் நிற்பேன். வெயிலில் நின்று அவர் உழைத்தது ரியால், இத்தனை வருஷமும் நிலையாக நின்றதும் ரியால்.

அந்தக் காசில் சுவர் மட்டும் எழும்பியதா, காணியும் வாங்கினார்களா என்பதையும் பேசுங்கள். காணி விலை எந்த வீதத்தைவிடவும் வேகமாக ஏறிய ஊர்கள் இவை.

பழைய துண்டில் உள்ள வீதம் நீங்கள் சொல்வதோடு ஒத்துவரவில்லை. யார் பிழை?

பிழை ஒன்றுமில்லை. வங்கி வாங்கும் வீதம் வேறு, விற்கும் வீதம் வேறு. வெளிநாட்டிலிருந்து காசு வரும்போது வங்கி உங்களிடமிருந்து ரியாலை வாங்குகிறது, அதனால் குறைந்த வீதமே கிடைக்கும். கையில் கொண்டுவந்த தாளுக்கு அதைவிடவும் குறைவு. பட்டியல்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில் உள்ளது.

துண்டை எடுத்து நிதானமாகப் பாருங்கள். கார்பன் பிரதி என்றால் வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் மங்கிய எழுத்து தெரியும். அனுப்பிய ரியால், கட்டணம், கிடைத்த ரூபா என்று தனித்தனியாக இருக்கும். உதாரணத்துக்கு 500 ரியால் அனுப்பி வங்கிப் புத்தகத்தில் 7,600 ரூபா விழுந்திருந்தால், கையில் கிடைத்த வீதம் 15 ரூபா 20 சதம். 1996 முடிவின் நடு வீதம் 15 ரூபா 58 சதம். இந்த அளவு வித்தியாசம் சாதாரணம். திகதி முத்திரையை மட்டும் தவற விடாதீர்கள். அனுப்பிய நாளுக்கும் புத்தகத்தில் விழுந்த நாளுக்கும் இடையில் வாரக்கணக்கில் இழுபட்ட காலம் அது.

வருஷ முடிவு வீதமா, வருஷ சராசரியா?

ஒரே தடவை அனுப்பியது என்றால் அந்த நாளின் வீதம். மாதாமாதம் அனுப்பியது என்றால் வருஷ சராசரி. வருஷ முடிவு வீதம் ஓர் அடையாளத்துக்கு மட்டும். 2022 போன்ற வருஷத்தில் முடிவு வீதத்தை எடுத்தால் ஜனவரியில் அனுப்பிய காசு ஏறத்தாழ இரட்டிப்பாகத் தெரியும்.

வாப்பாவின் பெட்டியில் பழைய ரியால் தாள்கள் கிடந்தன. பட்டியல்படி மாற்றலாமா?

எந்த வரிசைத் தாள் என்று பாருங்கள். கட்டார் 2020 டிசம்பரில் புதிய வரிசையை வெளியிட்டது. அதற்கு முந்திய நான்காம் வரிசை 2021 முடிவோடு செல்லுபடியாகாமல் போனது. அதனால் நாணயமாற்றுக் கடைகளில் எடுக்க மாட்டார்கள். கட்டாருக்குப் போகும் ஆளிடம் கொடுத்தனுப்பி, அங்குள்ள மத்திய வங்கியில் விசாரிக்கச் சொல்வதே வழி.

துண்டும் இல்லை, புத்தகமும் இல்லை. குறிப்பிட்ட நாளின் வீதம் எங்கே கிடைக்கும்?

இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் நாளாந்த டொலர் வீதங்கள் இருக்கின்றன. அதற்கும் பழையதற்கு மத்திய வங்கி ஆண்டறிக்கைகளின் பின்னிணைப்பு அட்டவணைகளைப் பார்க்கலாம். டொலர் வீதத்தை எடுத்து 3.64ஆல் வகுத்து, எந்தத் திகதி வீதம், எங்கே எடுத்தது என்று அதே தாளில் எழுதி, பங்குக்கு உட்காரும் எல்லாரும் பார்க்கும்படி ஆளுக்கொரு பிரதி கொடுங்கள்.